மூன்றாம் கம்பியும் ஒரு கை வளையலும்

போன வாரம் நகரியிலிருந்து திருப்பதி வரைக்கும் நின்றுகொண்டேதான் வந்தேன். உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தைப் பார்த்து, இவர் புத்தூரில் இறங்கிவிடுவார் என்று கணக்குப் போட்டு அந்த சீட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்பது என் பழக்கம். அந்தக் கணக்கு ஒருநாளும் பலித்ததில்லை. அன்றும் நான் குறிவைத்த மனிதர் வாயைப் பிளந்து தூங்கி, திருப்பதியில்தான் கண் விழித்தார். வடமாலபேட்டையில் ஆடுகள் குறுக்கே வந்தன. டிரைவர் பிரேக்கை மிதிக்க, தலைக்கு மேலே ஓடும் கம்பியை இடது கையால் இறுகப் பிடித்தேன். ஆடுகள் போயின. மூக்கு அரித்தது. கையை முகத்துக்குக் கொண்டுபோனேன்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் நான் அந்த பஸ்ஸில் இல்லை.

இரும்புக்கு வாசனை கிடையாது என்று சொல்கிறவர்கள் வியர்த்த கையால் அதைப் பிடித்ததில்லை. கொஞ்சம் ரத்தம், கொஞ்சம் மழை பெய்த தண்டவாளம், கொஞ்சம் மாங்காய் நறுக்கிய கத்தி. என் இருபதுகளில் என் இடது கைக்கு இந்த வாசனைதான் இருந்தது. சோறு துன்னும்போது அடிக்கும், தூக்கத்தில் அடிக்கும், லாட்ஜில் சாவி கொடுக்கும்போது யாத்ரீகர்கள் முகம் சுளிப்பார்கள். எலெக்ட்ரிக் கிடார் கம்பியின் வாசனை அது.

ஆமாம், லாட்ஜ். திருப்பதி ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிர்ச்சந்தில் பகலெல்லாம் சாவி கொடுத்துச் சாவி வாங்குவேன். சாயங்காலமானால் பாபண்ணனின் ஆர்கெஸ்ட்ராவில் கிடார் வாசிப்பேன். சித்தூர், புத்தூர், சூளூர்பேட்டை என்று கல்யாணத்துக்கும் ஜாத்திரைக்கும் ஓடும் ஒரு வேன். அதில் டிரம்மும் ஸ்பீக்கரும் போக மீதி இருக்கும் இடத்தில் மனிதர்கள். என் இடம் பின் சக்கரத்துக்கு மேலே. பள்ளம் வந்தால் முதலில் எனக்குத்தான் தெரியும். அந்த இடத்தை நான் எவ்வளவு நேசித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். அந்த இடம் போய்விடும் என்ற பயத்தில் நான் செய்த கூத்துகளைத்தான் சொல்ல வந்தேன்.

கிடார் வாசிக்கத் தெரிந்த எவனுக்கும் ஒரு வெறி உண்டு. தனியாக முன்னால் வந்து ஒரு துண்டு வாசிக்க வேண்டும், அதில் ஒரு சுரம் அழ வேண்டும். அது பியானோ மாதிரி பொத்தென்று விழுகிற சுரம் கிடையாது. ஒரு சுரத்தை மீட்டிவிட்டு, விரலை எடுக்காமல், அழுத்திய கம்பியைக் குறுக்காக மேலே தள்ள வேண்டும். கம்பி இறுகும். இறுக இறுக சுரம் வழுக்கிக்கொண்டே ஏறி, கிடார் கழுத்தில் இரண்டு கட்டை தள்ளியிருக்கும் சுரத்தில் போய் நிற்கும். பெண்டிங் என்போம். படித்தால் சுலபம். தள்ளிப் பாருங்கள், விரல் நுனி வெங்காயம் மாதிரி உரியும். அக்கம்பக்கத்துக் கம்பிகள் விரலுக்கடியில் மாட்டி, விடும்போது வாலை மிதித்த பூனை மாதிரி கத்தும். எல்லாவற்றுக்கும் மேல், சுரம் பாதி வழியில் நின்றுவிடும். பாதி வழியில் நிற்கும் சுரம் இருக்கிறதே, அதைவிட அசிங்கமான சத்தம் சித்தூர் ஜில்லாவில் கிடையாது.

என் சுரம் எப்போதும் பாதி வழியில்தான் நின்றது. காரணம் நகரியில் இருந்தது.

எங்கள் வீடு விசைத்தறி வீடு. தறி ஓடினால் பேச்சு கேட்காது, அம்மாவும் நைனாவும் உதட்டைப் பார்த்தே சண்டை போடுவார்கள். பேசக் கற்பதற்கு முன்பே நாங்கள் கற்பது ஒன்று: பாவு நூல் இறுகினால் கையைத் தளர்த்த வேண்டும். ஒரு இழை அறுந்தால் தறி நிற்கும், தறி நின்றால் வீடே திரும்பிப் பார்க்கும். "இழ இறுகுச்சின்னா கைய வுட்டுடணும் நைனா, இஸ்தா அறுந்துடும்" என்று என் நைனா என்னையும் நைனா என்றே கூப்பிட்டுச் சொல்வார். அதை மூளை மறந்தாலும் விரல் மறக்கவில்லை. கிடாரில் மூன்றாம் கம்பியைத் தள்ளுவேன். இறுகும். இறுகியதும், நான் கேட்காமலே, விரல் தளரும். அறுந்துவிடுமே என்ற பயம் எனக்கு இல்லை, என் கைக்கு இருந்தது. கையோடு எப்படிப் பேசுவது?

இந்த நேரத்தில்தான் எங்கள் ஆர்கெஸ்ட்ரா சீனு புதுக் கீபோர்டு வாங்கினான். சீனு சித்தூர்க்காரன், தெலுங்கு வீட்டுப் பையன், என் வயது, என் சாப்பாட்டிலிருந்து அப்பளம் திருடும் அளவுக்கு நண்பன். கீபோர்டின் இடது ஓரத்தில் ஒரு சின்னச் சக்கரம். கிடார் சத்தத்தை வைத்துக்கொண்டு அதைக் கட்டை விரலால் உருட்டினால் சுரம் தானாக ஏறி, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும். வியர்வை இல்லை, இரும்பு வாசனை இல்லை. பாபண்ணன் அதைக் கேட்ட அன்றே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாபா, சீனு சக்கரத்த ஒரு உருட்டு உருட்டுறான், கிடாரு தேம்பித் தேம்பி அழுவுது. நீ மல்லுக்கட்டிக்கினு நிக்கிற, உன்து மூக்கு கூட உறிய மாட்டேங்குதே?"

"பழகிக்கினு கீறேண்ணா."

"பழகு, யாரு வேணான்னா? ஜாத்திரைல பாக்குறேன். அன்னிக்கி உன் சொரம் ஏறலன்னா அடுத்த சீசனுக்கு கீபோர்டே போதும். வேன்லயும் கால நீட்டிக்கலாம்."

சீனு சிரித்தான். "ஏம்ரா, உன் கம்பி பாதி மலையில உக்காந்து பொரி துன்னுக்கினு கீதா?" சிரித்தானே தவிர, அன்றைக்கு என் அப்பளத்தில் கை வைக்கவில்லை. அவனுக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

ஜாத்திரை என்றால் எங்களுக்குத் திருப்பதி கங்கம்மா கோயில் திருவிழாதான். அந்த மேடையில் ஒரு பாட்டு உண்டு. முதலில் கிடார் தனியாக ஒரு துண்டு வாசிக்கும். அந்தத் துண்டு ஒரு பெண்டிங்கில் போய் முடியும். அந்த உச்சிச் சுரத்தைப் பிடித்துக்கொண்டுதான் எங்கள் பாடகி மஞ்சுளா அக்கா பாடத் தொடங்க வேண்டும். நான் குறைவாக ஏறினால் அக்காவும் தப்பான சுரத்தில் தொடங்குவார். ஊரே பாடகியைத்தான் திட்டும், கிடார்காரனை யாருக்குத் தெரியும்?

லாட்ஜ் மொட்டை மாடியில் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் பயிற்சி. சுற்றிலும் துவைத்த வெள்ளைப் படுக்கை விரிப்புகள், நான்கு பக்கமும் காற்றில் ஆடும் சுவர்கள். நடுவில் நான், ஆம்ப்ளிஃபயர் இல்லாமல், கொசு பாடுவது மாதிரி கேட்கும் சிவப்பு கிடார். ஒருநாள் எனக்கு ஞானம் பிறந்தது. தறியில் எது சிக்கினாலும் நாங்கள் என்ன செய்வோம்? எண்ணெய் விடுவோம். நகரியிலிருந்து தறி எண்ணெய் ஒரு சின்ன டப்பாவில் கொண்டுவந்து கம்பி முழுக்கத் தடவினேன். வழுக்கிக்கொண்டு போகுமே!

போனது. கம்பி இடத்திலேயே இருந்தது, விரல்தான் பக்கத்துக் கம்பிக்குப் போனது. சத்தம் ஈரத் துணி மாதிரி தொப்பென்று செத்தது. கையைத் துடைக்க என்ன இருக்கிறது என்று பார்க்காமல் துடைத்தேன். சாயங்காலம் மேனேஜர் ஒரு விரிப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதில் என் ஐந்து விரலும் கறுப்பாக மலர்ந்திருப்பதைக் காட்டி, "இது எவன் கைடா? மெக்கானிக் எவனாச்சும் ரூம் எடுத்துக்கினு கீறானா?" என்றார். நான் சாவிகளை வரிசைப்படுத்தினேன்.

அப்புறம் ஏமாற்றப் பார்த்தேன். தள்ளுவதற்குப் பதில் விரலை அடுத்த கட்டைக்கு நகர்த்தி, அங்கிருந்து அடுத்த கட்டைக்கு நகர்த்தி, உச்சியைத் தொட்டேன். சுரம் சரி. பாபண்ணனும் தலையாட்டினார். மஞ்சுளா அக்காதான் மைக்கைத் தாழ்த்திவிட்டுத் திரும்பினார். அவருக்கு என்னைவிட இரண்டு வயதுதான் கூட, கிடாரின் தலை எது வால் எது என்று தெரியாது. காது மட்டும் பாம்புக் காது.

"தம்பி, நீ படியில வர. ஒவ்வொரு படியும் தனித்தனியா தெரியுது. எனக்கு மலையேறுற காட் ரோடு வேணும்பா. வண்டி திரும்புறது தெரியும், எப்போ ஏறுச்சின்னு தெரியாது, பாத்தா மேல நின்னுக்கினு இருப்போம்."

"தள்ளுனா பாதியில நின்னுடுதுக்கா."

"எங்க போறோம்னே தெரியாம கெளம்புனா? மொதல்ல மேல கீற சொரத்த வாசி. அத காதுல வெச்சிக்கோ. அப்பறம் கீழருந்து தள்ளு."

அதை அன்றே செய்தேன். மேல் சுரத்தை மீட்டி, காதில் வைத்துக்கொண்டு, இறங்கி வந்து தள்ளினேன். இப்போது என் சுரம் எவ்வளவு குறைகிறது என்று துல்லியமாகத் தெரிந்தது. முன்பு தெரியாமல் அசிங்கமாக இருந்தது, இப்போது தெரிந்தே அசிங்கமாக இருந்தது. முன்னேற்றம்தான், இல்லையா? மோதிர விரலுக்குப் பின்னால் நடு விரலையும் ஆள்காட்டியையும் முட்டுக் கொடுத்தேன். மூன்று பேர் சேர்ந்து தள்ளினார்கள். மூன்று பேரும் நகரிக்காரர்கள். இறுகியதும் மூன்று பேரும் தளர்ந்தார்கள்.

ஜாத்திரை வந்தது. அதோடு அம்மாவும் வந்தாள், கையில் ஒரு மஞ்சள் புடவையோடு.

எனக்குச் சின்ன வயதில் டைபாய்டு வந்தபோது அம்மா கங்கம்மாவுக்கு ஒரு வேண்டுதல் வைத்திருந்தாள்: பிள்ளை பிழைத்தால் பெண் வேஷம் போட்டுக் கோயிலுக்கு வருவான். திருப்பதியில் இது அதிசயமே இல்லை. ஜாத்திரை நாட்களில் மீசை வைத்த ஆண்கள் புடவை கட்டி, பூ வைத்து, மூக்குத்தி ஒட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போவார்கள். நான் ஒவ்வொரு வருஷமும் ஏதோ சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். மேடை ஏற வேண்டிய அதே நாளின் காலையில் அம்மா என்னைப் பிடித்துவிட்டாள். புடவை கட்டினேன். வளையல்கார அம்மா என் கையை எருமைக் கால் மாதிரி இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கி, சோப்பு தடவி, இரண்டு கைக்கும் கண்ணாடி வளையல் ஏற்றிவிட்டாள். என் அலறல் கோயில் வரை கேட்டிருக்கும்.

வேஷம் போட்டவனுக்கு ஒரு சலுகை உண்டு: யாரை வேண்டுமானாலும் வாயாரத் திட்டலாம், திட்டு வாங்கியவர் கோபிக்கக் கூடாது, அம்மன் திட்டியதாக எடுத்துக்கொள்ள வேண்டும். கோயிலிலிருந்து திரும்பும் வழியில் டீக்கடையில் பாபண்ணன் நிற்கிறார். விடுவேனா? புடவையை வரிந்து கட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

"யோவ் ஓனரு! கீபோர்டையே கட்டிக்கினு குடும்பம் நடத்து! ஒன் வேன் பஞ்சராவ! ஒன் ஸ்பீக்கர்ல எலி குட்டி போட!"

டீக்கடையே சிரித்தது. பாபண்ணன் கண்ணைச் சுருக்கி, மஞ்சளுக்கும் கண்மைக்கும் அடியில் என்னைக் கண்டுபிடித்து, பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார். "திட்டு தாயி, நல்லா திட்டு. சாயங்காலம் மேடையில பாக்குறேன்."

மேடை ஏறுவதற்கு முன்னால் மத்தியான ஒத்திகை. புடவையை அவிழ்த்து பேன்ட் போட்டுவிட்டேன். வளையல் கழலவில்லை. சோப்பு, எண்ணெய், சீனுவின் பலம் எல்லாம் பார்த்தாயிற்று. உடைத்துவிடலாம் என்றால் அம்மா அங்கேயே நிற்கிறாள். "வேண்டுதல் வளையல அம்மன் நாள்ல ஒடைப்பியா? ஒடச்சிப் பாரு, ஒன் டப்பாவ நான் ஒடைக்கறேன்." டப்பா என்றது கிடாரை.

சரி என்று வளையலோடு வாசித்தேன். வலது கை மீட்டும்போதெல்லாம் கலகலவென்று ஒரே சத்தம். டிரம் வாசிப்பவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். துண்டு முடிவுக்கு வந்தது. தள்ளினேன். இறுகியது. விரல் தளர்ந்தது. பாதி வழி. பாபண்ணன் நேராகச் சீனுவிடம் போய்க் காதில் ஏதோ சொன்னார். சொன்னது என்ன என்று சீனுவின் முகத்திலேயே தெரிந்தது: அவன் குறைந்தால் நீ சக்கரத்தை உருட்டு.

மஞ்சுளா அக்கா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்பா, சோத்துக் கை வளையலு அந்த ஆட்டம் ஆடுது, பீச்சாங்கை வளையலு மட்டும் இன்னாத்துக்கு செத்துக் கெடக்குது?"

"அந்தக் கையில விரல் மட்டுந்தான்க்கா வேல செய்யுது."

"அதான் பாத்தேன். இங்க பாரு." அவர் பாட்டின் மேல் சுரத்துக்குப் போனார். சுரம் ஏற ஏற, அவருக்கே தெரியாத மாதிரி, அவர் கை மணிக்கட்டிலிருந்து மெல்லத் திரும்பியது, ஏதோ ஒரு குழாயைத் திறப்பது மாதிரி. வளையல்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்தன. சல். "நான் மேல போனா இது தானா பேசும். பேசலன்னா நான் போய்ச் சேரலன்னு அர்த்தம். ஒன் வளையல பேச வையி. விரல மறந்துடு."

விரலை மறந்தேன். மூன்று விரலையும் கம்பியில் வைத்து, கட்டை விரலைக் கிடாரின் கழுத்துக்கு மேலே கொக்கி போட்டு, தள்ளாமல், மணிக்கட்டைத் திருப்பினேன். என் காது கம்பியில் இல்லை, வளையலில் இருந்தது. கம்பி இறுகியதை என் கை கவனிக்கவே இல்லை! அது வேறு வேலையில் இருந்தது. சல் என்றது. அந்த சல் கேட்டபோது சுரம் ஏறி முடிந்து, மேலே நின்று, காற்று வாங்கிக்கொண்டிருந்தது.

நானே பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டேன்.

"இன்னொருவாட்டி" என்றார் அக்கா. மணிக்கட்டு திரும்பவில்லை. இன்னொரு தடவை, சல். அடுத்தது, பாதி வழி. அப்படித்தான். வந்தது, போனது. மேடைக்கு ஆள் கூட ஆரம்பித்துவிட்டது.

சாயங்கால வெளிச்சத்தில், குழல் விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் திறக்க, முன்னால் பார்த்தால் பாதிக் கூட்டம் வேஷத்தில் இருக்கிறது. நான் வளையலோடு வந்ததும், "ஏ அக்கா! பூவ எங்க வுட்ட?" என்று ஒரு மீசைக்காரப் பெண்மணி கத்தினார். பதிலுக்குத் திட்டலாமா என்று ஒரு கணம் யோசித்தேன், வேஷத்தில் பாதியைக் கழற்றியவனுக்குச் சலுகையும் பாதிதானே. துண்டைத் தொடங்கினேன். கண்ணோரத்தில் சீனு தெரிந்தான், கட்டை விரல் சக்கரத்தின்மேல். பாபண்ணன் மேடையோரத்தில். மஞ்சுளா அக்கா மைக்கைப் பிடித்துக்கொண்டு, என் சுரத்துக்காக, கண்ணை மூடி நிற்கிறார்.

கடைசிச் சுரம். மேல் சுரத்தைக் காதில் வைத்தேன். மீட்டினேன்.

அப்போது சீனு என்ன செய்தான் தெரியுமா? சக்கரத்திலிருந்து கையை எடுத்து, ஓனர் பார்க்கப் பார்க்க, இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டான். இனி என் மணிக்கட்டு ஒன்றுதான் கதி. திருப்பினேன். திருப்பதி மொத்தமும் என்னோடு சேர்ந்து ஒரு வளைவில் திரும்பியது, மலை சாய்ந்தது, விளக்குகள் சாய்ந்தன, சுரம் ஏறுகிறது, ஏறுகிறது, இறுகுகிறது, நைனா நகரியில் கையை விடு என்கிறார், விடவில்லை நைனா, இன்றைக்கு மட்டும் விடவில்லை.

சல்.

அந்த சல் ஸ்பீக்கரில் கேட்டது! கண்ணைத் திறந்தால், மஞ்சுளா அக்கா எப்போது நகர்ந்தாரோ, மைக்கை என் இடது கை வளையலுக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறார். கூட்டம் விசிலடித்தது. அக்கா மைக்கைத் தன் வாய்க்குக் கொண்டுபோய், நான் விட்டுவைத்த சுரத்தை அப்படியே, ஒரு குழந்தையைக் கைமாற்றி வாங்குவது மாதிரி, வாங்கிக்கொண்டு பாடினார்.

வேனில் ஏறும்போது பாபண்ணன் பின் சக்கரத்து இடத்தைக் கையால் தட்டினார். "ஏறு. ஆனா ஒண்ணு, வளையலோடதான் வரணும். சித்தூரு கல்யாணத்துல இப்பவே கேக்குறாங்கோ." சீனு என் காதில், "பாகுந்திரா" என்றான், நன்றாக இருந்ததடா என்று, பெருமூச்சோடு. மறுநாள் என் அப்பளத்தை எடுத்துக்கொண்டான்.

அதற்கப்புறம் எத்தனையோ சீசன், இடது கையில் இரண்டு கண்ணாடி வளையலோடுதான் வாசித்தேன். வளையல் கிடார் என்றே சொல்வார்கள். உடைய உடைய வாங்கினேன். வளையல் கடைக்காரர்கள் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதாக மூன்று தடவையாவது நினைத்தார்கள்.

இப்போது வேன் இல்லை. பாபண்ணன் போய்விட்டார். கடைசியாகப் பார்த்தபோது அந்த வேன் டயரில்லாமல் ஒரு ஷெட்டுக்குப் பின்னால் நின்றது, பின் சக்கரத்து இடத்தில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அந்தக் கல்யாண மேடைகளில் இப்போது ஒரு ஆள், ஒரு லேப்டாப். சீனு பெங்களூரில், மஞ்சுளா அக்கா மகளோடு சென்னையில். லாட்ஜ் மாடியில் விரிப்பு காய்வதில்லை, மெஷின் காயவைத்துவிடுகிறது.

அன்றைக்கு பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக ஒரு சிம் கடைக்குப் போனேன். கைரேகை வைக்கும் சின்ன மெஷினை நீட்டினார்கள். ஒரு காலத்தில் என் இடது மோதிர விரலை எந்த மெஷினும் ஏற்காது, கம்பி போட்ட பள்ளம் ரேகைக்குக் குறுக்கே காய்த்துப்போய் இருக்கும். "வேற விரல் வைங்க சார்" என்பார்கள், நான் ஏதோ பட்டம் வாங்கியவன் மாதிரி நிமிர்ந்து வேறு விரல் வைப்பேன். அன்றைக்கு வேண்டுமென்றே அந்த விரலைத்தான் வைத்தேன். வைத்த உடனே பீப் என்றது. முதல் தடவையிலேயே. விரலைத் திருப்பிப் பார்த்தேன், கன்னம் மாதிரி வழவழவென்று இருந்தது.

அந்த பீப் சத்தம் கொஞ்சம் குறைவாக இருந்தது, ஒரு சுரத்துக்குப் போய்ச் சேராமல், பாதி வழியில். கவுன்டரின் மேல் கிடந்த என் இடது கை, நான் சொல்லாமலே, மணிக்கட்டிலிருந்து மெல்லத் திரும்பியது.

சத்தம் எதுவும் வரவில்லை.